ஐந்து நாடுகளுக்கு அழைப்பு, மிஞ்சியது ஒரே விலைப்புள்ளி

'புராஜெக்ட் 75 (ஐ)' என்பது ஆறு டீசல்-மின்சார நீர்மூழ்கிக் கப்பல்களை வெளிநாட்டு வடிவமைப்பில், இந்தியத் தளம் ஒன்றில் கட்டி, கடற்படையில் சேர்க்கும் திட்டம். 2021 ஜூலையில் டெண்டர் வெளியானபோது அதன் மதிப்பு சுமார் 43,000 கோடி ரூபாய். பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, தென்கொரியா, ஸ்பெயின் என ஐந்து நாடுகளின் நிறுவனங்கள் தகுதிப் பட்டியலில் இருந்தன. 2023 ஆகஸ்ட் 1 அன்று வந்து சேர்ந்த விலைப்புள்ளிகள் இரண்டுதான். 2025 ஜனவரியில் அவற்றிலும் ஒன்று தள்ளுபடியானது. மீதமிருந்த ஜெர்மன் வடிவமைப்புக்காக மும்பையின் மசகான் டாக் நிறுவனத்துடன் பாதுகாப்பு அமைச்சகம் 2025 செப்டம்பரில் விலை பேசத் தொடங்கியது. ஜெர்மனி போட்டியில் ஜெயித்தது என்று இதைச் சொல்வது முழு உண்மையாகாது. டெண்டரில் எழுதிய நிபந்தனைகளே மற்ற நால்வரையும் ஒவ்வொருவராக வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டன.

போர் விமானம் வாங்குவதற்கும் நீர்மூழ்கி வாங்குவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நீர்மூழ்கியைக் கட்டி முடிக்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது கடலில் இருக்கும். அந்தக் காலம் முழுவதும் பெரிய பராமரிப்பு, உதிரி பாகம், மென்பொருள் மாற்றம் என ஒவ்வொன்றுக்கும் வடிவமைத்தவரின் வரைபடமும் ஒப்புதலும் தேவைப்படும். அழுத்தம் தாங்கும் உடற்கூட்டில் ஒரு துளை கூடுதலாகப் போட வேண்டுமென்றாலும் அவரைக் கேட்காமல் போட முடியாது. எனவே விற்பவரைத் தேர்ந்தெடுக்கும் நாடு, நாற்பது ஆண்டுகளுக்கு யாரைச் சார்ந்திருக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. இந்தியக் கடற்படை இப்படி மூன்று முறை முடிவெடுத்திருக்கிறது. மூன்றின் அனுபவமும் புதிய டெண்டரின் பக்கங்களில் படிந்திருக்கிறது.

மூன்று பழைய உறவுகள்

1960களின் நடுவில் இந்தியா முதலில் நாடியது பிரிட்டனை. கடன் வசதியில் பேச்சு படியவில்லை. சோவியத் யூனியன் முன்வந்தது. 1967 டிசம்பர் 8 அன்று ரீகா துறைமுகத்தில் 'ஐ.என்.எஸ். கல்வரி' கடற்படையில் சேர்ந்தது. 'ஃபாக்ஸ்ட்ராட்' வகையில் மொத்தம் எட்டு வந்தன. பின்னர் 1986 முதல் 2000 வரை 'கிலோ' வகையில் பத்து. விலை குறைவு, கடன் வசதி, கேட்டதும் கிடைத்தல் ஆகியவை அந்த உறவின் பலங்கள். 1991க்குப் பிறகு சோவியத் யூனியன் சிதறியதும் உதிரி பாகங்களுக்கான வழிகளும் சிதறின. 'சிந்துகீர்த்தி' என்ற கிலோ நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தின் ஹிந்துஸ்தான் கப்பல் தளத்துக்குப் பராமரிப்புக்காகப் போய் வெளியே வர ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 2013 ஆகஸ்ட் 14 அதிகாலை, ரஷ்யாவில் பராமரிப்பு முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த 'சிந்துரக்ஷக்' மும்பைத் துறைமுகத்தில் வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த 18 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது உறவு ஜெர்மனியோடு. கீல் நகரின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்துடன் 1981 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் இரண்டும் கீலில் கட்டப்பட்டு 1986இல் வந்தன. 'ஷால்கி', 'ஷங்குல்' என்ற அடுத்த இரண்டும் மசகான் டாக்கில் கட்டப்பட்டு 1992இலும் 1994இலும் சேர்ந்தன. நீர்மூழ்கியின் உடற்கூட்டை வெல்டிங் செய்வது லேசான வேலை அல்ல. ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு நூலிழை விரிசல் தெரிந்தாலும் வெட்டியெடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். அதற்கான ஆட்களை மும்பை சிரமப்பட்டுத் தயாரித்தது. மேலும் இரண்டு கட்டும் யோசனையும் இருந்தது.

அதற்குள் தரகு விவகாரம் வெடித்தது. விலையைக் குறைக்கச் சொன்னபோது, 7 சதவீதத் தரகு கொடுக்க வேண்டியிருப்பதால் குறைக்க முடியாது என்று நிறுவனம் சொன்னதாக ஜெர்மனியிலிருந்த இந்தியத் தூதர் 1987இல் தந்தி அனுப்பினார். பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி.பி. சிங் விசாரணைக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் பதவி விலகினார். வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, எதுவும் நிரூபணமாகாமல் முடிந்தது. கூடுதல் நீர்மூழ்கிகள் கைவிடப்பட்டன. மும்பையில் அந்த வேலை கற்றவர்களில் பலர் வேறு வேலைக்குப் போனார்கள் அல்லது ஓய்வு பெற்றார்கள். ஊழல் நடந்ததா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. தொழில் கைவிட்டுப் போனது மட்டும் சந்தேகமில்லாமல் நடந்தது. 1994இல் ஒரு நீர்மூழ்கியைக் கட்டி முடித்த தளம், அடுத்ததை முடித்துக் கொடுத்தது 2017இல்.

அந்த அடுத்தது பிரான்ஸின் 'ஸ்கார்பீன்'. கார்கில் போர் நடந்த 1999இல், முப்பது ஆண்டுகளில் 24 நீர்மூழ்கிகள் கட்டும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்திருந்தது. இரண்டு வெளிநாட்டு வடிவமைப்புகளை இரண்டு வரிசைகளில் ஒரே நேரத்தில் கட்டிக் கற்றுக்கொண்டு, மீதியைச் சொந்த வடிவமைப்பில் கட்டலாம் என்பது கணக்கு. முதல் வரிசைக்கான ஆறு ஸ்கார்பீன்களுக்கு 2005 அக்டோபரில், 18,798 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. முதலாவது 2012இல் வந்திருக்க வேண்டும். 'கல்வரி' என்ற பழைய பெயரைத் தாங்கி 2017 டிசம்பரில் வந்தது. ஆறாவதான 'வாக்ஷீர்' சேர்ந்தது 2025 ஜனவரியில்.

தாமதத்துக்கான காரணம் கவனிக்க வேண்டியது. உடற்கூட்டு வடிவமைப்பையும் முக்கியக் கருவிகளையும் தருவது பிரெஞ்சு நிறுவனம். குழாய், வால்வு, மின்மோட்டார் போன்ற இன்னொரு பெரிய பட்டியலைத் தனியாக வாங்க வேண்டியது மசகான் டாக். அந்தப் பட்டியலின் விலை ஒப்பந்தத்தில் முழுமையாகக் கட்டப்பட்டிருக்கவில்லை. பேரம் இழுத்தது, விலை ஏறியது, திட்டச் செலவு 23,000 கோடியைத் தாண்டியது. விற்பவரும் கட்டுபவரும் ஒருவரையொருவர் கைகாட்டினால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அந்த ஒப்பந்தத்தில் தெளிவான விடை இல்லை.

ஆயுதத்தில் இன்னொரு சிக்கல். ஸ்கார்பீனுக்காகத் தேர்ந்தெடுத்தது இத்தாலியின் 'பிளாக் ஷார்க்' டார்பிடோ. அதைத் தயாரிக்கும் நிறுவனம் ஃபின்மெக்கானிக்கா குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமத்தின் ஹெலிகாப்டர் பேரத்தில் லஞ்சப் புகார் கிளம்பியதால் டார்பிடோ கொள்முதலும் ரத்தானது. புத்தம் புதிய பிரெஞ்சு நீர்மூழ்கிகள், எப்போதோ ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்காக வாங்கிய பழைய டார்பிடோக்களோடு கடலுக்குப் போயின. 2016 ஆகஸ்டில், ஸ்கார்பீன் பற்றிய 22,400 பக்க ஆவணங்கள் கசிந்திருப்பதாக ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்று செய்தி வெளியிட்டது. பிரெஞ்சு நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பெரிய நீர்மூழ்கி ஒப்பந்தத்துக்குத் தேர்வாகி நான்கு மாதம்கூட ஆகாத நேரம் அது.

மூச்சு விடாமல் இருப்பது

புதிய டெண்டரின் மையத்தில் இருப்பது ஏ.ஐ.பி. எனப்படும், வெளிக்காற்று தேவைப்படாத உந்து அமைப்பு. சாதாரண டீசல்-மின்சார நீர்மூழ்கி ஆழத்தில் பேட்டரியில் ஓடுகிறது. அப்போது அதன் சத்தம் மிகக் குறைவு, கண்டுபிடிப்பது கடினம். மெதுவாகப் போனாலும் சில நாட்களில் பேட்டரி இறங்கிவிடும். மறுபடி ஏற்ற டீசல் எஞ்சினை ஓட்ட வேண்டும், எஞ்சினுக்குக் காற்று வேண்டும். எனவே மேல்மட்டத்துக்கு வந்து, ஸ்நார்கல் என்ற காற்றுக்குழாயை நீருக்கு மேலே நீட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் சத்தம் போடும், புகை கக்கும், குழாயின் முனை ரேடாரில் தெரியும். 'பி-8ஐ' போன்ற கண்காணிப்பு விமானம் காத்திருப்பது அந்த நிமிடத்துக்காகத்தான்.

ஏ.ஐ.பி. இருந்தால் அந்த நிமிடத்தைத் தள்ளிப்போடலாம். சுவீடன் இதற்கு 'ஸ்டர்லிங்' எஞ்சினைப் பயன்படுத்துகிறது. பிரான்ஸ் எத்தனாலையும் ஆக்சிஜனையும் எரித்து நீராவி டர்பைன் சுழற்றும் 'மெஸ்மா' அமைப்பை உருவாக்கியது. பாகிஸ்தானின் அகோஸ்டா 90பி நீர்மூழ்கிகளில் இருப்பது அதுதான். ஜெர்மனியின் வழி ஃபியூயல் செல். உலோகக் கலவையில் உறிஞ்சி வைத்த ஹைட்ரஜனும், திரவ ஆக்சிஜனும் ஒரு சவ்வின் இருபுறமும் சந்திக்கும்போது மின்சாரமும் தண்ணீரும் கிடைக்கும். சுழலும் பாகம் இல்லை, வெளியேற்ற வேண்டிய புகையும் இல்லை. 2013இல் ஜெர்மனியின் 'யு-32' அட்லாண்டிக்கைக் கடக்கும்போது 18 நாள் தொடர்ந்து நீருக்கடியில் இருந்து காட்டியது.

குறைகளும் உண்டு. ஃபியூயல் செல் தரும் சக்தி மிதமானது. மெதுவாக ரோந்து சுற்றத்தான் அது போதும், துரத்தவோ தப்பவோ பேட்டரிதான் கைகொடுக்கும். ஹைட்ரஜன் நிரப்பத் துறைமுகத்தில் தனி ஏற்பாடு வேண்டும். ஜப்பான் ஏ.ஐ.பி.யை விட்டுவிட்டு லித்தியம்-அயான் பேட்டரிக்கே மாறிவிட்டது. 2020இல் சேர்ந்த 'ஓரியூ' அந்த வகையில் முதலாவது. எது மேல் என்று தொழில் தெரிந்தவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியக் கடற்படைக்கு அந்த வாதம் இரண்டாம்பட்சம். பாகிஸ்தானிடம் ஏ.ஐ.பி. ஏற்கெனவே இருக்கிறது; சீனாவிடமிருந்து அதே வசதியுடன் எட்டு 'ஹாங்கோர்' வகை நீர்மூழ்கிகளை வாங்க அது 2015இலேயே முடிவு செய்துவிட்டது. அந்தப் பெயர் சும்மா வைத்ததல்ல. 1971 டிசம்பர் 9 அன்று 'ஐ.என்.எஸ். குக்ரி' என்ற இந்தியப் போர்க்கப்பலை மூழ்கடித்த, பிரான்ஸில் கட்டிய பாகிஸ்தான் நீர்மூழ்கியின் பெயர் அது.

நிபந்தனைகள் எழுதப்பட்ட விதம்

1999ஆம் ஆண்டுத் திட்டத்தின் இரண்டாவது வரிசையே 'புராஜெக்ட் 75 (ஐ)'; அதற்கான முதல் ஒப்புதல் 2007 வாக்கில் கிடைத்தது. வெளிநாட்டில் இரண்டு, உள்நாட்டில் நான்கு கட்டலாமா, எல்லாவற்றையும் இங்கேயே கட்டலாமா, அரசுத் தளமா தனியார் தளமா என்ற கேள்விகளிலேயே பத்தாண்டுகள் போயின. 2014இல் ஆறும் இங்கேதான் என்று முடிவானது. 2017இல் 'வியூகக் கூட்டாண்மை' என்ற புதிய கொள்முதல் முறை வந்தது. அதன்படி இந்தியத் தளம்தான் ஒப்பந்ததாரர். வெளிநாட்டு நிறுவனம் அதன் கூட்டாளி. 2020 ஜனவரியில் மசகான் டாக், லார்சன் அண்ட் டூப்ரோ (எல் அண்ட் டி) என இரண்டு இந்திய நிறுவனங்கள் தேர்வாயின. எல் அண்ட் டி தனியார் நிறுவனம் என்றாலும் இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. அணுசக்தியில் இயங்கும் 'அரிஹந்த்' நீர்மூழ்கியின் உடற்கூடு அதன் குஜராத் ஹசிரா ஆலையில் செய்ததுதான். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் பெரிய கப்பல் கட்டும் தளமும் அதற்கு உண்டு.

டெண்டர் கேட்டவை சாதாரணமானவை அல்ல. ஏ.ஐ.பி. ஏட்டிலோ பரிசோதனைக் கூடத்திலோ இருந்தால் போதாது, கடலில் ஓடி நிரூபித்திருக்க வேண்டும். வடிவமைப்புத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தர வேண்டும். முதல் நீர்மூழ்கியில் 45 சதவீதமாகத் தொடங்கும் உள்நாட்டுப் பங்கு ஆறாவதில் 60 சதவீதத்தைத் தொட வேண்டும். தாமதமானால் அபராதம். ஸ்கார்பீனில் பொறுப்பு நடுவில் தொங்கியதற்கு மருந்தாக, நீர்மூழ்கி ஒழுங்காக இயங்குவதற்கான பொறுப்பில் பெரும்பகுதி வடிவமைப்பாளர் தலையில் வைக்கப்பட்டது. கட்டுமானத் தளமோ அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

ஒவ்வொரு நிபந்தனைக்குப் பின்னாலும் ஒரு பழைய காயம் இருப்பதால் தனித்தனியாக எதையும் தவறு என்று சொல்ல முடியாது. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் கட்டாயம் என்றால் மிஞ்சும் வரன் ஒன்றுதான் இருக்கும்.

பிரான்ஸ் முதலில் விலகியது. 2022 மே மாதம் பிரதமர் மோடி பாரீஸ் போவதற்குச் சற்று முன்னால், ஃபியூயல் செல் ஏ.ஐ.பி. கடலில் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தங்களால் நிறைவேற்ற முடியாது, பிரெஞ்சுக் கடற்படையே அதைப் பயன்படுத்துவதில்லை என்று, ஸ்கார்பீனை விற்ற பிரெஞ்சு நிறுவனமான நேவல் குரூப் அறிவித்தது. அது உண்மைதான்: பிரெஞ்சுக் கடற்படையின் நீர்மூழ்கிகள் அனைத்தும் அணுசக்தியில் ஓடுபவை, டீசல்-மின்சார வகையை அந்த நாடு பிறருக்கு விற்பதற்காகவே கட்டுகிறது. சொந்தக் கடற்படை ஓட்டாத கப்பலை விற்பதில் உள்ள சங்கடம் இந்த இடத்தில் வெளிப்பட்டது. ரஷ்யாவிடமும் கடலில் ஓடும் ஏ.ஐ.பி. கிடையாது. வடிவமைப்பாளருக்குக் கட்டுப்பாடு இல்லாத தளத்தில், இறுக்கமான கெடுவில், பெரிய அபராதத்துக்கு உட்பட்டுக் கட்டச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்று ரஷ்யத் தரப்பு வெளிப்படையாகவே சொன்னது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு அதை யாரும் பெரிதாகச் சமாதானப்படுத்தவும் முயலவில்லை.

தென்கொரியா விலகியதுதான் உண்மையான இழப்பு. 2021 ஆகஸ்டில் அந்நாட்டுக் கடற்படையில் சேர்ந்த 'தோசான் ஆன் சாங்-ஹோ'வில் ஃபியூயல் செல்லும் இருந்தது, ஏவுகணைகளைச் செங்குத்தாக ஏவும் குழாய்களும் இருந்தன. அதைக் கட்டிய டேவூ நிறுவனம் அந்தக் காலத்தில் கைமாறி 2023இல் ஹன்வா ஓஷன் ஆனது. இந்திய டெண்டருக்குக் கொரியாவிலிருந்து விலைப்புள்ளி வரவில்லை.

ஜெர்மனியும் முதலில் தயங்கியே நின்றது. 2023 ஜூன் 7 அன்று ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் போரிஸ் பிஸ்டோரியஸ் முன்னிலையில், தைசன்குரூப் மரைன் சிஸ்டம்ஸ் நிறுவனமும் மசகான் டாக்கும் மும்பையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. பழைய எச்.டி.டபிள்யூ.வின் வாரிசு இந்தத் தைசன்குரூப். பொதுவாக ஆயுத ஏற்றுமதியில் கை இறுக்கும் பெர்லின் இம்முறை அமைச்சரையே அனுப்பியதற்குக் காரணம், ரஷ்ய ஆயுதங்களைச் சார்ந்திருப்பதிலிருந்து இந்தியாவை விலக்க வேண்டும் என்ற எண்ணம். அடுத்த மாதமே ஸ்பெயினின் நவன்ட்டியாவோடு எல் அண்ட் டி கைகோத்தது. பலமுறை தள்ளிவைத்த கெடு முடிந்தபோது களத்தில் இருந்தவை இந்த இரண்டு ஜோடிகள்தான்.

கார்த்தஹேனாவில் காட்டியது

ஸ்பெயினின் 'எஸ்-80' வரலாறு கேட்டால் எந்தக் கொள்முதல் அதிகாரியும் கொஞ்சம் யோசிப்பார். ஸ்கார்பீனைப் பிரான்ஸோடு சேர்ந்து உருவாக்கிய ஸ்பெயின், பிறகு தனியாக ஒரு நீர்மூழ்கியை வடிவமைத்தது. கட்டுமானம் பாதி நடந்த பிறகு 2013இல், கப்பல் 75 முதல் 100 டன் வரை கூடுதல் எடையில் இருப்பது தெரியவந்தது. நீர்மூழ்கியில் எடைக்கும் மிதப்புக்கும் இடையில் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. அந்தக் கணக்கு பிசகினால் மூழ்கிய கப்பல் மேலே வராமல் போகலாம். அமெரிக்காவின் எலக்ட்ரிக் போட் நிறுவனத்திடம் ஆலோசனை கேட்டு, உடற்கூட்டைச் சுமார் பத்து மீட்டர் நீட்டினார்கள். நீண்ட கப்பலுக்குக் கார்த்தஹேனா தளத்தின் நிறுத்துமிடம் போதாமல் அதையும் மாற்ற வேண்டிவந்தது. முதல் கப்பலான 'இசாக் பெரல்' 2023 நவம்பர் இறுதியில் ஸ்பெயின் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது, ஏ.ஐ.பி. இல்லாமல். பயோ எத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் ஸ்பெயினின் அமைப்பு மூன்றாவது கப்பலில்தான் பொருத்தப்பட இருந்தது.

2024 மார்ச்சில் இந்தியக் கடற்படைக் குழு கீலுக்குப் போனது. அங்கே ஃபியூயல் செல் கடலில் ஓடிப் பழகிய ஒன்று. ஜூனில் குழு கார்த்தஹேனாவுக்குப் போனது. அங்கே காட்ட முடிந்தது கரையில் நிறுவிய பரிசோதனை அமைப்பு. டெண்டரின் வாசகம் 'கடலில் நிரூபிக்கப்பட்டது' என்று இருந்தது. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி-நவன்ட்டியாவின் விலைப்புள்ளி நிபந்தனைகளுக்கு உட்படவில்லை என்று தள்ளுபடியானது.

விதிப்படி பார்த்தால் இந்த முடிவில் குறை காண இடமில்லை. ஆனால் ஸ்பெயினின் அமைப்பு அப்போது கடலில் ஓடவில்லை என்பது 2023இலேயே ஊரறிந்த விஷயம். அப்படியிருக்க அதைத் தெரிந்துகொள்ள பதினேழு மாதம் எதற்கு என்ற கேள்வி எழாமல் இல்லை. இரண்டு பேர் இருக்கிறார்கள் என்ற தோற்றம் விலையைக் கட்டுக்குள் வைக்க உதவும் என்று நம்பியிருக்கலாம். அப்படியானால் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. தொழில்நுட்பத் தேர்வில் தேறியவர்களின் விலை உறைகளைத் திறந்து, குறைந்த விலை சொன்னவரை அழைப்பதே இந்தியக் கொள்முதல் முறை. ஒரே உறை இருக்கும்போது குறைந்த விலை என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகிறது. 43,000 கோடி என்று தொடங்கிய திட்டத்துக்கு 2025இல் பத்திரிகைகள் 70,000 கோடி என்று மதிப்பு கூறின. முதல் கணக்கில் ஒரு நீர்மூழ்கிக்கு ஏழாயிரம் கோடிக்குச் சற்று மேல். இரண்டாவதில் பதினோராயிரத்தைத் தாண்டுகிறது.

விற்பவருக்குப் பின்னால் நிற்பவர்

ஒப்பந்தம் போட்ட நிறுவனத்தோடு முடிவதில்லை இந்த வியாபாரம். தாய்லாந்து 2017இல் சீனாவிடம் ஒரு நீர்மூழ்கியை 1,350 கோடி பாட்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. அதில் ஜெர்மனியின் எம்.டி.யூ. டீசல் எஞ்சின் இருக்கும் என்பது ஏற்பாடு. சீனாவுக்கு ஆயுதம் விற்க ஐரோப்பாவில் 1989 முதல் இருக்கும் தடையைக் காட்டி ஜெர்மனி எஞ்சின் தர மறுத்தது. பல ஆண்டுகள் இழுபறிக்குப் பின் 2025இல் சீன எஞ்சினையே ஏற்றுக்கொள்ள பாங்காக் ஒப்புக்கொண்டது. பட்டியலில் பெயரே இல்லாத மூன்றாவது நாடு, எஞ்சின் ஒன்றைப் பிடித்துவைத்து ஒரு கொள்முதலையே நிறுத்த முடிந்தது.

ஜெர்மன் வடிவமைப்பு என்றால் தலைவலி இல்லை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஃபியூயல் செல் கொண்ட '214' வகையை முதலில் வாங்கிய கிரேக்கம், கீலில் கட்டிய 'பாபநிக்கோலிஸ்' கடல் கொந்தளிப்பில் அளவுக்கு மீறி உருள்கிறது, ஏ.ஐ.பி. சூடாகிறது என்று 2006இல் அதை வாங்க மறுத்தது. நான்கு ஆண்டு சச்சரவுக்குப் பிறகே ஏற்றது. அதே வகையை உள்நாட்டில் கட்ட 2000இல் முடிவு செய்த தென்கொரியா முதலாவதை 2007இல் கடற்படையில் சேர்த்தது. 2009இல் ஒப்பந்தம் போட்ட துருக்கிக்கு முதலாவது கிடைக்க 2024 ஆனது. வடிவமைப்பாளர் ஒருவரே, காலம் மாறியதற்குக் கட்டிய தளமும், உள்நாட்டுக் கருவிகளை அதில் பொருத்த நடந்த முயற்சியும்தான் காரணங்கள். மசகான் டாக் இந்த இரண்டில் எதை ஒத்திருக்கும் என்பதைப் பொறுத்தே இந்தியாவின் கால அட்டவணை அமையும்.

வாங்குபவரும் வாக்கு மாறலாம். 2016இல் பிரான்ஸிடம் பன்னிரண்டு நீர்மூழ்கிகள் வாங்க முடிவு செய்த ஆஸ்திரேலியா, 2021 செப்டம்பரில் அதை ரத்து செய்து அமெரிக்க-பிரிட்டன் அணுசக்தி நீர்மூழ்கிப் பக்கம் போனது. பிரெஞ்சு நிறுவனத்துக்கு 55.5 கோடி யூரோ நஷ்டஈடு கொடுத்தது. இந்தியாவுக்கு அந்தப் பாதை திறந்ததில்லை. அணுசக்தி நீர்மூழ்கிகளை அது தானே கட்டுகிறது. டீசல்-மின்சார வகையைக் கட்டத்தான் வெளியே வடிவமைப்பு தேடுகிறது.

கப்பல் எந்த நாட்டு வடிவமைப்பாக இருந்தாலும் சில கண்ணிகளை இந்தியாவே வைத்துக்கொள்கிறது. ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிக்குச் சாதாரண ரேடியோ அலை எட்டாது; மிகக் குறைந்த அதிர்வெண் அலை மட்டுமே கடல் நீருக்குள் சில மீட்டர் ஊடுருவும். அதற்கான ஒலிபரப்பு நிலையம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்' என்ற பெயரில் 1990 முதல் இயங்குகிறது. ரஷ்யக் கப்பலுக்கும் பிரெஞ்சுக் கப்பலுக்கும் உத்தரவு அங்கிருந்துதான் போகிறது. மும்பைக்கு அருகே அம்பர்நாத்தில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் உருவாக்கிய ஏ.ஐ.பி.யும் அந்தப் பட்டியலில் சேரக்கூடும். பாஸ்பாரிக் அமில வகை ஃபியூயல் செல் அது. ஹைட்ரஜனைச் சுமந்து செல்லாமல் கப்பலுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும். 2021 மார்ச்சில் தரையில் முழு அளவில் சோதித்தார்கள். 2024 டிசம்பரில், அதை ஸ்கார்பீன்களில் பொருத்துவதற்கான பகுதியைக் கட்ட மசகான் டாக்குடன் 1,990 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமானது. பராமரிப்புக்கு வரும்போது கப்பலை நடுவில் வெட்டி, புதிய பகுதியை இடையில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இது வெற்றி பெற்றால், கடலில் நிரூபிக்கப்பட்டது என்ற நிபந்தனை அடுத்த டெண்டரில் இந்தியாவுக்குச் சாதகமாகத் திரும்பும்.

திட்டப்படி முதல் நீர்மூழ்கி, ஒப்பந்தம் கையெழுத்தான ஏழாம் ஆண்டிலும், மற்றவை பிறகு ஆண்டுக்கு ஒன்றாகவும் வர வேண்டும். 2030க்குள் 24 என்ற 1999ஆம் ஆண்டுக் கணக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது. இடைவெளியை நிரப்ப மேலும் மூன்று ஸ்கார்பீன்கள் வாங்க 2023 ஜூலையில் கொள்கை ஒப்புதல் தரப்பட்டது. அதற்கு முந்தைய மாதம், 1986இல் கீலிலிருந்து வந்த 'ஷங்குஷ்' நீர்மூழ்கியைப் பழுதுபார்த்து ஆயுளை நீட்டிக்க மசகான் டாக்குடன் 2,725 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2026இல் அதைக் கடற்படைக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது கெடு.